கெய்னா, டாக்டர் ஆக்டோபஸா?

பாதி மனிதன், பாதி இயந்திரமான குற்றவாளிகளில் என்னை அதிகம் யோசிக்க வைத்தவர்கள் இந்த இருவர்தான்.

1990-இல் வந்த ‘ரோபோகாப் 2’ படத்தின் கெய்ன், டெட்ராய்ட்டில் நியூக் என்ற போதைப்பொருள் விற்கும் கும்பலின் தலைவன். அவன் மூளையை எடுத்து ராட்சத இயந்திரத்துக்குள் வைக்கிறார்கள். உடம்பே போன பிறகும் நியூக் பழக்கம் போகவில்லை. அதைக் காட்டித்தான் அவனை ஆட்டிவைக்கிறார்கள். மிரள வைக்கும் யோசனை. ஆனால் அவன் முன்பும் கொலைகாரன்தான். இயந்திரம் பலத்தை மட்டும் கூட்டுகிறது.

2004-இல் வந்த ‘ஸ்பைடர்மேன் 2’-இன் டாக்டர் ஆக்டோபஸ், அதாவது ஆக்டேவியஸ், நல்ல விஞ்ஞானி. அணுசக்தி உலைப் பரிசோதனை கைமீறிப் போய் மனைவி இறக்கிறார். முதுகில் பொருத்தியிருந்த நான்கு இரும்புக் கைகளையும் அடக்கி வைத்திருந்த, பிடரியில் இருந்த மின்னணுச் சில்லும் பாழாகிறது. அப்புறம் அந்த ஆபரேஷன் தியேட்டர் காட்சி! கைகளை வெட்ட மருத்துவர்கள் ரம்பத்தை எடுக்கிறார்கள். அவர் மயக்கத்தில் குப்புறக் கிடக்க, கைகள் தாமாகவே எழுந்து ஒவ்வொருவரையும் இழுத்துத் தூக்கி வீசுகின்றன. கண் விழித்து, சுற்றிக் கிடப்பவர்களைப் பார்த்து அலறுகிறார். அந்தக் கொலைகளை யார் கணக்கில் எழுதுவது?

என் ஓட்டு ஆக்டேவியஸுக்குத்தான். கடைசியில் அதே கைகளை அதட்டி அடக்கி, உலையை ஆற்றில் மூழ்கடிப்பதும் அவரே. கெய்னுக்கு அப்படி ஒரு போராட்டத்தையே அந்தக் கதை தரவில்லை.