2,850 ரூபாய்க்கு எல்இடி டெயில் லைட்: பிரேக் பிடிச்சா பின்னாடி வர்றவனுக்குத் தெரியாது

நேத்து ராத்திரிதான் கழட்டிப் பார்த்தேன். கோபம் அடங்குறதுக்குள்ள எழுதிடுறேன். வண்டி 2018 மாடல் ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 பைக். இண்டிகேட்டரோட சேர்ந்த எல்இடி டெயில் லைட் 2,250, மாட்டுக்கூலி 600. ஆக 2,850 ரூபாய். பதினோரு நாள்ல பாதி எல்இடி அவுட். கடை பேர் வேண்டாம். ரீல்ஸ் போட்டு ஆள் பிடிக்கிற பைக் ஆக்சஸரீஸ் கடைன்னு வச்சுக்கங்க. வாங்குறப்ப என்னென்ன பார்க்கணும்னு கடைசியில சொல்றேன்.

ஏமாந்தது கவுண்டர்லயே. கடைத்தம்பி 12 வோல்ட் பேட்டரியை எடுத்து வச்சு, கருப்பு வயரை மைனஸ்ல பிடிச்சுக்கிட்டு சிவப்பை பிளஸ்ல தொட்டார். கண்ணு கூசிடுச்சு. "ஒரு வருஷம் வாரண்டிண்ணே, கண்ணை மூடிக்கிட்டுப் போடுங்க." மூடிக்கிட்டேன். மஞ்சள் வயரையும் தொட்டுக் காட்டுன்னு கேட்கத் தோணல.

கம்பெனி பல்ப்ல ரெண்டு இழை: டெயிலுக்கு 5 வாட், பிரேக்குக்கு 21 வாட். இந்த மாதிரி எல்இடியில ரெண்டுக்கும் ஒரே எல்இடி வரிசைதான். டெயில் வயர் வழியா வந்தா மங்கலா, பிரேக் வயர் வழியா வந்தா முழுசா எரியும். இந்த லைட்டுல சிவப்பு வயர்தான் பிரேக், மஞ்சள் டெயில். அந்தச் சிவப்பைக் கொண்டுபோய் வண்டியோட டெயில் லைன்ல முறுக்கி விட்டிருக்காங்க. 2017 ஏப்ரலுக்கு அப்புறம் வந்த வண்டியில இன்ஜின் ஓடுறப்ப லைட்டை அணைக்கவே முடியாது. அப்ப இது வண்டி ஓடுற நேரம் பூரா முழு வெளிச்சத்துல நிக்கும், பிரேக்கை மிதிச்சா ஒரு மாற்றமும் இருக்காது. பின்னாடி லாரி வந்தா? நினைச்சாலே வயித்தைக் கலக்குது.

எல்இடி செத்ததும் அதனாலதான். விட்டு விட்டு எரிய வேண்டியது மணிக்கணக்கா எரிஞ்சிருக்கு. உள்ள டிரைவர், அதாவது கரண்டை ஒரே அளவா வச்சுக்கிற சர்க்யூட், கிடையாது. மூணு மூணு சிவப்பு எல்இடிக்கு, கரண்டை மட்டுப்படுத்த ஒரு ரெசிஸ்டர், அவ்வளவுதான். மூணும் சேர்ந்து 6.3 வோல்ட் எடுக்கும், மிச்சம் ரெசிஸ்டர் தலையில. பேட்டரியில 12.6 இருக்கிறப்ப மிச்சம் 6.3, வண்டி ஓடி 14.4 ஆனா 8.1. கரண்ட் கிட்டத்தட்ட 30 சதவீதம் கூடிடும். கவுண்டர்ல அது தெரியாது.

சீட்டைத் தூக்கினா இன்னொரு கொடுமை. இண்டிகேட்டர் படபடன்னு துடிக்கக் கூடாதுன்னு ரெண்டு 10 ஓம் ரெசிஸ்டரைப் போட்டு, வயரிங் மேலேயே டை போட்டு இறுக்கியிருக்காங்க. அது கொதிக்கிற சாமான், இரும்புல ஒட்டி நிக்கணும். ஸ்லீவ் உருகி உள்ள செம்பு தெரியுது. இண்டிகேட்டரை விட்டு விட்டு எரிய வைக்கிற ஃபிளாஷரை எல்இடிக்கானதா மாத்தியிருந்தா ரெசிஸ்டரே வேண்டாம்.

முதல் தடவை போனப்ப "மழைத் தண்ணி போயிருக்கும்ணே". லென்ஸ் உள்ள ஒரு சொட்டு இல்ல. அடுத்த தடவை முதலாளி ஊர்ல இல்லையாம். மூணாவது தடவை "அட்டைப்பெட்டி இருக்கா?" அதைக் கிழிச்சுக் குப்பையில போட்டதே அவங்கதான்! வாட்ஸ்அப்ல போட்டோ அனுப்பினேன். நீல டிக் விழுந்து ஒருநாள் கழிச்சு "எல்இடிக்கு வாரண்டி வராது ப்ரோ". அண்ணே போய் ப்ரோ ஆயிட்டேன். பில்லுன்னு குடுத்தது துண்டுச்சீட்டு: "ஆக்சஸரீஸ் 2850". ஜிஎஸ்டி நம்பர் இல்ல, பொருள் பேர் இல்ல. 2,850 ரூபாய்க்கு நான் எதைக் காட்டிக் கேட்கிறது?

சரி, சொல்றேன்னு சொன்னது. டெயில் வயர்ல கரண்ட் இருக்கிறப்பவே பிரேக் வயரையும் தொடச் சொல்லுங்க. வெளிச்சம் பளிச்சுன்னு கூடலைன்னா எடுக்காதீங்க. வண்டியில மாட்டின பிறகு இன்ஜின் ஓட, முன் பிரேக், பின் பிரேக் ரெண்டையும் பிடிச்சுப் பாருங்க. வயரை வெட்ட விடாதீங்க, சொருகிக் கழட்டுற கப்ளர் போடச் சொல்லுங்க. நம்பர் பிளேட்டுக்கு வெள்ளை வெளிச்சம் விழுதான்னு பாருங்க, என்னோடதுல அதுவும் இல்ல. வாரண்டியைப் பில்லுலயே எழுதி வாங்குங்க. பழைய லைட்டைக் கையோட கேட்டு வாங்கிடுங்க. நான் கடையிலேயே விட்டுட்டு வந்தேன். இன்னைக்குப் போய்க் கேட்டா "அது அன்னைக்கே பழைய சாமான்காரன்கிட்டப் போயிடுச்சே"ன்றாங்க.