மஸல் சி லைப்ரரி: ஹெடர்களில் கறாரான ஒரு காவலர்

ரிச் ஃபெல்கர் உருவாக்கி 2011 முதல் வெளிவரும், லினக்ஸில் சி நிரல்களுக்கு வேண்டிய அடிப்படைச் செயல்களைத் தரும் மஸல் சி லைப்ரரியை அதன் சிறிய அளவுக்காகவே பலரும் புகழ்கிறார்கள். என்னைக் கவர்ந்தவை அதன் ஹெடர் கோப்புகள், அதாவது லைப்ரரியில் உள்ள பெயர்களையும் டைப்புகளையும் நிரலுக்கு அறிவிக்கும் கோப்புகள்.

கோப்புறைகளைத் துழாவும் என் சிறு நிரல் ஒன்று, குனுவின் சி லைப்ரரியான ஜிலிப்சியில் நெடுங்காலம் தடையின்றிக் கம்பைல் ஆகிவந்தது. அதையே மஸலைக் கொண்ட ஆல்பைன் லினக்ஸுக்குக் கொண்டுபோனபோது, கோப்புப் பாதையின் உச்ச நீளத்தைக் குறிக்கும் பாத்மேக்ஸ் என்ற பெயரே தெரியாது என்று எரர் வந்தது. அதை வரையறுக்கும் லிமிட்ஸ் ஹெடரைச் சேர்க்க நான் மறந்திருந்தேன்; கோப்புறைகளைப் படிக்க நான் சேர்த்திருந்த ஜிலிப்சியின் டைரென்ட் ஹெடர் அந்தப் பெயரையும் தன்னோடு இழுத்து வந்ததால் என் பிழை வெளியே தெரியவில்லை.

இந்தக் கறாருக்குப் பின்னால் நல்லதோர் ஏற்பாடு இருக்கிறது. அளவுகளைக் குறிக்கும் சைஸ்-டி போன்ற டைப்புகள் பல ஹெடர்களுக்குத் தேவை. ஒவ்வொன்றிலும் தனித்தனியே எழுதிவைத்தால் நாளடைவில் ஒன்றுக்கொன்று முரண்படும். மஸல் அவற்றை ஆல்டைப்ஸ் என்ற ஒரே கோப்பில் வைத்து, ஒவ்வொரு ஹெடரும் தனக்கு வேண்டியதை மட்டும் மேக்ரோ (கம்பைலின்போது வரையறுக்கப்படும் குறிப்பெயர்) மூலம் கேட்டுப் பெறும்படி செய்திருக்கிறது.

நியமமும், இயங்குதளத்தின் மையமான கர்னலும் மோதும் இடத்தில்தான் அதன் குணம் முழுதாகத் தெரிகிறது. சாக்கெட் செய்திக்கான ஸ்ட்ரக்சரில் பஃபர்களின் எண்ணிக்கை இன்ட் ஆக இருக்க வேண்டும் என்கிறது யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான நியமமான போசிக்ஸ். லினக்ஸ் கர்னலோ சைஸ்-டி என்கிறது. ஜிலிப்சி கர்னலைப் பின்பற்றுகிறது. மஸல் இன்ட் என்றே அறிவித்து, 64 பிட் கணினிகளில் சைஸ்-டியைவிட இன்ட் சிறியது என்பதால் எஞ்சும் 4 பைட்டுகளுக்குப் பேடிங் (வெற்று நிரப்பிடம்) வைத்து, கர்னலிடம் கொடுக்கும் முன் அவற்றைப் பூஜ்யமாக்குகிறது. இவ்வளவு சிரத்தை தேவையா என்று கேட்போர் உண்டு; தேவை என்பதே என் கட்சி.

ஆனால் 2023இல் வந்த 1.2.4 பதிப்பு பலரைச் சிரமப்படுத்தியது. பெரிய கோப்புகளுக்கான ஸ்டாட்64 போன்ற பழைய பெயர்கள் அதுவரை, குனுவின் கூடுதல் வசதிகளைத் திறக்கும் குனு-சோர்ஸ் மேக்ரோவின்கீழ் கிடைத்துவந்தன. அந்தப் பதிப்பில் அவை அங்கிருந்து நீக்கப்பட்டன. குனுவின் சி++ கம்பைலரான ஜி++ அந்த மேக்ரோவைத் தானாகவே வரையறுத்துவிடுவதால், தாம் எதன் தயவில் பிழைத்திருந்தோம் என்பதையே அறியாத சி++ நிரல்கள் உடைந்தன. நீக்கியது சரியே, ஆனாலும் பழைய நிரல்களைப் பராமரிப்பவருக்கு அது கூடுதல் வேலை.

என் ஒரே மனக்குறை வேறு. கம்பைல் ஆகும் இடத்தில் இருப்பது மஸல்தானா என்று அறிய ஒரு மேக்ரோகூட இல்லை. பெயரைப் பார்க்காமல் வசதியைச் சோதித்துப் பார் என்ற கொள்கையால் வேண்டுமென்றே தவிர்த்திருக்கிறார்கள். கொள்கை புரிகிறது, அவசரத்தில் எரிச்சலும் வருகிறது.