மோட்டாருக்குச் செயின் செட் மாற்றும்போது கூடவே நில்லுங்கள்: பாலத்தில் எனக்கு நடந்தது

பினாங்குப் பாலத்தில் தினமும் மோட்டாரில் போய்வருபவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். கடையின் பெயரை இங்கே போடவில்லை. புகார் நடந்துகொண்டிருக்கிறது, அது முடியட்டும்.

எனக்கு வீடு பெருநிலத்துப் பிறையில், வேலை பாலத்துக்கு அந்தப் பக்கம், தீவில் உள்ள பாயான் லெப்பாஸில். மூன்று மாதத்துக்கு முன்னால் என் யமாஹா எல்சி 135 மோட்டார்சைக்கிளின் செயின் கடகடவென்று சத்தம் போட ஆரம்பித்தது. இறுக்கி இறுக்கி அட்ஜஸ்டர் கடைசிக் கோட்டுக்கு வந்துவிட்டது. 20,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடிய செயின், அதைக் குறை சொல்ல முடியாது. பட்டர்வொர்த் பக்கம் ஒரு மோட்டார் கடைக்குப் போனேன். ஓரிங் என்கிற ரப்பர் வளையம் வைத்த டிஐடி பிராண்டு செயின், 428 சைஸ், செயின் ஓடும் பல்சக்கரங்களான முன் ஸ்ப்ராக்கெட், பின் ஸ்ப்ராக்கெட், மூன்றும் சேர்த்துப் புது செட் வேண்டும் என்று தெளிவாகச் சொன்னேன். கடைக்காரர் நம் ஆள்தான். பெட்டியை எடுத்துக் காட்டினார். "ஒரிஜினல் லா தம்பி, பயப்படாதே. பக்கத்துல போய்ச் சாப்பிட்டுட்டு வா, முடிச்சு வைக்கிறேன்" என்றார். 175 வெள்ளி (மலேசிய ரிங்கிட்).

நான் செய்த தப்பு அங்கேதான். ரொட்டி சானாய் சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. பழைய சாமான் எங்கே என்று கேட்டேன். "குப்பை தம்பி, இரும்புக்காரன் எடுத்துட்டுப் போயிட்டான்" என்றார். ரசீதில் 'செயின் செட் 175' என்று மட்டும் எழுதியிருந்தது. பின் ஸ்ப்ராக்கெட் பளபளவென்று இருந்தது. சந்தோஷத்தில் ஒரு படம்கூட எடுத்தேன். அந்தப் படம்தான் பிறகு எனக்குக் கைகொடுத்தது.

போன மாதம் இரவு ஷிஃப்ட் முடிந்து காலையில் வீடு திரும்பிக்கொண்டிருந்தேன். பாலத்தின் நடுப்பகுதி, இடது ஓரம், சுமார் 70-இல் போகிறேன். டக்கென்று ஒரு சத்தம். இன்ஜின் வீரிட்டது, வண்டிக்கு இழுவையே இல்லை. செயின் கழன்று பின்னால் ரோட்டில் விழுந்து கிடந்தது. அது பின்சக்கரத்தில் சுற்றியிருந்தால் சக்கரம் அப்படியே பூட்டிக்கொள்ளும். பின்னால் லாரி வந்துகொண்டிருந்தது. அதற்கு மேல் நினைக்க எனக்குப் பிடிக்கவில்லை. 13.5 கிலோமீட்டர் பாலம் அது. ரோந்து வண்டிக்காரர்கள் வந்து உதவினார்கள். செயினைப் பொறுக்கிக் கொடுத்ததும் அவர்கள்தான்.

என் தாய்மாமா முப்பது வருஷம் மோட்டார் கடையில் வேலை செய்தவர். வண்டியை அவர் வீட்டு வாசலுக்குக் கொண்டுபோனேன். அவர் முதலில் செயினைப் பார்க்கவில்லை. இடது பக்க இன்ஜின் கவரைக் கழற்றினார். உள்ளே மண்ணும் கிரீஸும் கலந்து களிமண் மாதிரி அப்பியிருந்தது. ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டி எடுத்துவிட்டு, "டேய், இங்க வந்து பாரு" என்றார். முன் ஸ்ப்ராக்கெட்டின் பற்கள் எல்லாம் ஒரே பக்கமாக வளைந்து, சுறாவின் முதுகுத் துடுப்பு மாதிரி கூர்மையாக நின்றன. என் பழைய ஸ்ப்ராக்கெட் அது, மாற்றவே இல்லை. கவருக்குள்ளே இருப்பதை எவன் திறந்து பார்க்கப் போகிறான் என்ற தைரியம். தேய்ந்த பல்லில் புதுச் செயின் சரியாக உட்காராது, ஏறி ஏறி இறங்கும். எப்படிப்பட்ட செயினாக இருந்தாலும் சீக்கிரமே தின்றுவிடும் என்றார் மாமா.

அப்புறம் செயின். ஓரிங் செயின் என்றால் உள்தகட்டுக்கும் வெளித்தகட்டுக்கும் நடுவில் கறுப்பாக ரப்பர் வளையம் கண்ணுக்கே தெரியும். கண்ணிகளைக் கோர்க்கும் 'பின்' என்கிற ஊசிக்கும், அதைச் சுற்றியிருக்கும் 'புஷ்' என்கிற குழாய்க்கும் இடையில் கம்பெனி வைத்த கிரீஸ் வெளியே போகாமல் அடைத்து வைப்பது அந்த வளையம்தான். செயின் 'நீளுவது' என்று நாம் சொல்வது இரும்பு இழுபடுவது இல்லை, அந்தப் பின்னும் புஷ்ஷும் தேய்வதுதான். என் செயினில் வளையமே இல்லை, வெறும் இரும்பு. தகட்டில் டிஐடி என்று அச்சு இருக்க வேண்டும். இதில் 428 என்ற எண் மட்டும். பெட்டி ஒன்று, உள்ளே போட்டது வேறொன்று. மாமா அதை நீட்டி வைத்து 20 கண்ணியை அளந்தார். 428 செயினில் ஒரு கண்ணி 12.7 மில்லிமீட்டர், இருபதுக்கு 254 வர வேண்டும். என்னுடையது 259-ஐத் தொட்டது. மூன்று மாதம்கூட ஆகவில்லை!

அது கழன்றதற்குக் காரணம் கிளிப். செயினின் இரண்டு முனையையும் சேர்க்கும் இணைப்புக் கண்ணியைப் பூட்டும் கிளிப்பின் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும், திறந்த வாய் பின்னால் இருக்க வேண்டும். மேல்பக்கச் செயின் முன்னோக்கி ஓடுகிறது, அதனால் அங்கே மூடிய முனை வண்டியின் முன்பக்கம். கீழ்ப்பக்கத்தில் பார்த்தால் இது தலைகீழ். நான் எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தோம். மேல்பக்கத்தில் கிளிப்பின் வாய் முன்னால் பார்த்து இருந்தது. கல்லோ குச்சியோ தட்டினால் தெறித்துவிடும் நிலை. இவ்வளவு சின்ன விஷயத்தை முப்பது செகண்டில் சரியாகப் போட்டிருக்கலாம், அதைக்கூடச் செய்யவில்லை. எனக்கு ஆறாத கோபம் இதில்தான், காசுகூட அப்புறம்தான்.

கடைக்குத் திரும்பிப் போனேன். "நீ வேற கடையில மாத்திட்டு வந்து என்கிட்ட சண்டை போடுற" என்றார். ரசீதில் பிராண்டு இல்லையே, என்ன சொல்வது?

அதனால் நீங்கள் போகும்போது பெட்டியை உங்கள் கையால் திறந்து, தகட்டில் உள்ள எழுத்தைப் படியுங்கள். இணைப்புக் கண்ணியோடு தனியாக நாலு சின்ன ரப்பர் வளையம் வரும், அதையும் போடுகிறார்களா என்று பாருங்கள். பழைய சாமான் மூன்றும் உங்கள் கைக்கு வர வேண்டும், முக்கியமாக முன் ஸ்ப்ராக்கெட். ரசீதில் பிராண்டு, சைஸ், ஒவ்வொன்றுக்கும் தனி விலை. எழுதமாட்டேன் என்றால் வேறு கடை பாருங்கள். செயினைக் கம்பி மாதிரி விறைப்பாக இழுத்து விட்டாலும் ஏற்காதீர்கள். ஆள் ஏறி உட்கார்ந்தால் அது இன்னும் இறுகும், கியர்பாக்ஸ் பேரிங் அடிவாங்கும். எவ்வளவு தொய்வு வேண்டும் என்பது உங்கள் வண்டிப் புத்தகத்தில் இருக்கிறது.

டிடிபிஎம் என்கிற பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் மனு கொடுத்திருக்கிறேன். கட்டணம் 5 வெள்ளி, வக்கீல் தேவையில்லை, 50,000 வெள்ளி வரை கேட்கலாம். வளைந்த ஸ்ப்ராக்கெட், செயின், அன்று எடுத்த படம், ரசீது எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுப் பத்திரமாக வைத்திருக்கிறேன். விசாரணை முடிந்ததும் என்ன ஆனது என்று எழுதுகிறேன்.