பூச்சி பேர் சொல்ற ஆப், எட்டு மாசம் யூஸ் பண்ணிட்டு எழுதுறேன்

போட்டோ போட்டா பட்டாம்பூச்சி, மாத் (அந்துப்பூச்சி) எல்லாத்துக்கும் பேர் சொல்ற ஆப் ஒண்ணு காசு கட்டி வச்சிருக்கேன். ஆப் பேரை இங்க போடல, மெயில் அனுப்பியிருக்கேன், சரி பண்றாங்களான்னு பாப்போம்.

நல்லதை முதல்ல சொல்லிடறேன். அட்லஸ் மாத் மாதிரி பாத்ததும் தெரியுற ஆளுங்கன்னா ரெண்டே செகண்டு. மெலனைட்டிஸ் லீடான்னு ஒரு பழுப்பு பட்டாம்பூச்சி, மழைக்காலத்துல இறக்கைக்கு அடியில கண்ணு கண்ணா புள்ளியோட இருக்கும், வறண்ட காலத்துல வெறும் சருகு மாதிரி ஆயிடும், ரெண்டு போட்டோவும் போட்டேன், ஒரே இனம்தான்னு சொல்லுச்சு, அங்க அசந்துட்டேன்.

மாட்டிக்கிறது வேஷம் போடுற பூச்சிங்ககிட்டதான். டானாயிட் எக்ஃப்ளைங்கற பட்டாம்பூச்சியில பெண் பூச்சி, பிளெயின் டைகர்ங்கற வேற பட்டாம்பூச்சி மாதிரியே அச்சு அசலா இருக்கும். டைகர் புழுவா இருக்கறப்பவே எருக்கு இலைய தின்னு விஷம் ஏத்திக்கும், பறவைங்க தொடாது, எக்ஃப்ளை விஷமே இல்லாம சட்டைய மட்டும் மாட்டிக்கிட்டு தப்பிச்சுரும். நான் எடுத்த ஆறு எக்ஃப்ளை போட்டோல அஞ்சுக்கு ஆப் பிளெயின் டைகர்னு அடிச்சு சொல்லுது, அதுவும் 98 சதவீதமாம்! பின் இறக்கைய ஜூம் பண்ணா போதுங்க, டைகருக்கு நடுவுல மூணு நாலு கறுப்பு புள்ளி, எக்ஃப்ளைக்கு மேல் விளிம்புல ஒண்ணே ஒண்ணு.

அதுக்கு கீழ குடும்பம் 'டனாயிடே'ன்னு வேற போட்டிருக்கு. அது பழைய கணக்கு, இப்ப அதெல்லாம் நிம்ஃபாலிடேங்கற பெரிய பட்டாம்பூச்சி குடும்பத்துக்குள்ள ஒரு துணைக்குடும்பம். அதே போட்டோலயே பூச்சி நாலு கால்லதான் நிக்குது, முன்னங்கால் ரெண்டும் பிரஷ் மாதிரி சுருங்கி நெஞ்சோட ஒட்டிக்கிட்டிருக்கு, நிம்ஃபாலிடேன்னு அதுவே சொல்லுதே.

பட்டாம்பூச்சியா மாத்தான்னு கேக்குற பட்டன் சுத்த வேஸ்ட். உணர்கொம்பு நுனி தடிச்சிருந்தா பட்டாம்பூச்சி, இல்லன்னா மாத், அவ்ளோதான் அதுக்கு தெரியும் போல. அமெரிக்க வெப்பமண்டலத்து ஹெடிலிடே குடும்பத்து பூச்சி படம் ஒண்ணு நெட்ல எடுத்து போட்டேன், மாத்னு சொல்லுது. கொம்பு நூல் மாதிரிதான் இருக்கும், ஆனா 1986-ல ஸ்கோபிள்னு ஒரு பூச்சி ஆய்வாளர் அதை பட்டாம்பூச்சி பக்கம் கொண்டு வந்துட்டாரு. காஸ்ட்னிடே குடும்பத்து பூச்சிய போட்டா தலைகீழா தப்பு, கொம்பு நுனி தடிச்ச மாத் அது.

குட்டி பழுப்பு மாத்துக்கெல்லாம் கூட இனப் பேர் வரைக்கும் போயிடுது. அதுல பலதுக்கு பிறப்புறுப்ப பிரிச்சு மைக்ரோஸ்கோப்ல பாத்தாதான் தெரியும், பேரினத்தோட (இனத்துக்கு ஒரு படி மேல) நிறுத்திக்கலாம்ல? கோஸ்டா ரிகால அஸ்ட்ராப்டெஸ் ஃபுல்கரேட்டர்னு ஒரே இனமா நெனச்ச ஸ்கிப்பர் வகை பட்டாம்பூச்சிய, 2004-ல டிஎன்ஏ, புழுவோட நிறம், அது தின்ற செடி எல்லாம் சேத்து பாத்தப்போ பத்து இனம்னு வந்துச்சு. வளந்த பூச்சிய வெறுமனே பாத்தா எல்லாம் ஒண்ணுதான்.

இப்போதைக்கு ரெண்டரை ஸ்டார். ஒரே பூச்சிக்கு மேல் பக்கம், அடிப்பக்கம், புழுன்னு மூணு போட்டோ சேத்து போட வழி பண்ணாங்கன்னா இன்னொண்ணு போடுறேன்.