கெக் ஃப்ரிட்ஜில் பீர் குளிரவில்லையா? அளந்து பார்க்காமல் ‘கேஸ் போச்சு’ என்பவரிடம் எச்சரிக்கை

கெக் ஃப்ரிட்ஜ் என்பது பீர் பீப்பாயை (கெக்) உள்ளே குளிரவைத்து, மேலே தூணில் உள்ள குழாய் வழியாக ஊற்றிக்கொள்ளும் ஃப்ரிட்ஜ். குழாயைத் திறந்தால் கிளாஸில் பாதிக்கு மேல் நுரை. ஃப்ரிட்ஜின் டிஸ்ப்ளே 3 டிகிரி என்கிறது, கிளாஸில் விழுந்த பீரை அளந்தால் 9 டிகிரி. கம்ப்ரெஸர் கொஞ்ச நேரம் ஓடி நின்றுவிடுகிறது, வெகுநேரம் கழித்துத்தான் மறுபடி ஓடுகிறது. எங்கள் கெக் ஃப்ரிட்ஜில் இருந்த கோளாறு இவ்வளவுதான்.

சர்வீஸுக்கு வந்தவர் எதையும் அளக்கவில்லை. பின்பக்க பைப்பைத் தொட்டுப் பார்த்தார். குளிர்விக்கும் வாயுவை (இதைத்தான் ‘கேஸ்’ என்கிறார்கள்) ஏற்றும் சார்ஜிங் பைப்பில் துளைபோடும் வால்வை இறுக்கி, அழுத்தம் காட்டும் கேஜை மாட்டி, கம்ப்ரெஸரை ஓடவிட்டார். “பாருங்க, முள்ளு பூஜ்யத்துல நிக்குது, கேஸ் மொத்தமா போச்சு” என்றார். கேஸ் அடித்தார், பணம் வாங்கினார், டிஸ்ப்ளே 3 டிகிரி காட்டுவதைச் சுட்டிக்காட்டிவிட்டுப் போனார். கெக்கைத் திரும்ப வைத்த மூன்றாம் நாள் பீர் பழையபடி 9 டிகிரி. மறுபடி கூப்பிட்டால், “கம்ப்ரெஸர் வீக், மாத்தணும்” என்றார்.

உண்மையான கோளாறு, கிளிப்பிலிருந்து கழன்று பின்சுவரின் குளிர்த் தகட்டில் சாய்ந்து கிடந்த வெப்பநிலை சென்சார். தகடு குளிர்ந்தவுடன், உள்ளே எல்லாமே குளிர்ந்துவிட்டதாக நினைத்து, ஃப்ரிட்ஜை இயக்கும் மின் போர்டு கம்ப்ரெஸரை நிறுத்திவிடுகிறது. கெக்கில் இருக்கும் பீர் சூடாகவே இருக்கிறது. சென்சாரைப் பழைய இடத்தில் மாட்டினால் தீர்ந்திருக்கும் வேலை இது.

இந்த ஏமாற்று எப்படி எடுபடுகிறது என்பதைப் புரிந்துகொள்வது முக்கியம். இப்போது வரும் சிறிய ஃப்ரிட்ஜ்கள் பலவற்றில் ஆர்600ஏ என்ற ஐசோபியூட்டேன் வாயு இருக்கிறது. அதன் கொதிநிலை மைனஸ் 11.7 டிகிரி. குளிர்த் தகடு மைனஸ் 20 டிகிரியில் ஓடும்போது உறிஞ்சும் பக்கத்து அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தைவிடக் குறைவாகவே இருக்கும். கேஜ் முள் பூஜ்யத்திலோ அதற்குக் கீழேயோ நிற்பதுதான் நல்ல நிலை. அதையே காட்டி ‘கேஸ் இல்லை’ என்பவர் ஒன்று தெரியாதவர், இல்லையென்றால் தெரிந்தே பொய் சொல்பவர். ஆர்134ஏ என்ற வாயு உள்ள பழைய மெஷினில்கூட மைனஸ் 20 டிகிரிக்கு கேஜ் ஏறத்தாழ 5 பிஎஸ்ஐ (அழுத்த அளவு)தான் காட்டும். எந்த வாயு, எத்தனை கிராம் என்பது ஃப்ரிட்ஜில் ஒட்டியிருக்கும் லேபிளிலேயே அச்சாகியிருக்கும். கேஜை மாட்ட விடுவதற்கு முன் அதைப் படியுங்கள்.

கேஸ் குறைந்தால் அறிகுறியே வேறு. கம்ப்ரெஸர் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும், ஆனாலும் உள்ளே குளிராது. குளிர்த் தகட்டில் வாயு நுழையும் முனையில் மட்டும் ஒரு கை அகலத்துக்குப் பனி பிடித்து, மீதித் தகடு வெறுமையாக இருக்கும். பீர் சூடாக இருக்கும்போதே கம்ப்ரெஸர் தானாக நிற்கிறது, தகடு முழுக்கச் சீராகப் பனி பிடிக்கிறது என்றால் குளிர்விக்கும் பாகம் சரியாக வேலை செய்கிறது. அதை நிறுத்தச் சொல்லும் பாகத்தில்தான் தப்பு. இந்த ஒரு வித்தியாசம் தெரிந்தாலே பைப்பை வெட்ட விடமாட்டீர்கள்.

வேலை முடிந்ததும் டிஸ்ப்ளேயைக் காட்டியதும் ஏமாற்றின் ஒரு பகுதிதான். கெக்கை வெளியே எடுத்த ஃப்ரிட்ஜில் வெறும் காற்றுதான் இருக்கும், அது சீக்கிரமே குளிர்ந்துவிடும். 19 லிட்டர் பீர் குளிர ஒரு முழுநாள் வேண்டும், 50 லிட்டர் கெக்குக்கு இன்னும் கூடுதலாக. அதனால் காற்றை அளந்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். 250 மில்லி தண்ணீர் உள்ள கிளாஸில் தெர்மாமீட்டரைப் போட்டு, கெக்கின் நடு உயரத்தில் வைத்து, 24 மணி நேரம் கதவைத் திறக்காமல் விட்டுப் பாருங்கள். அந்த அளவு 3-4 டிகிரி இருந்தால் ஃப்ரிட்ஜில் கோளாறே இல்லை.

அப்படியும் முதல் கிளாஸ் மட்டும் நுரையாக வந்து, அடுத்தடுத்த கிளாஸ்கள் சரியாக வந்தால், சூடு குழாய்த் தூணுக்குள் இருக்கிறது. தூணுக்குள் நிற்கும் பீர் அறையின் சூட்டை வாங்கிவிடுகிறது. 12 வோல்ட் டிசி கம்ப்யூட்டர் ஃபேன் ஒன்றை ஃப்ரிட்ஜுக்குள் வைத்து, ஒரு ஹோஸ் வழியாகத் தூணின் உச்சிவரை குளிர்காற்றை ஏற்றினால் போதும். இந்த நுரைக்கும் ‘கேஸ் குறைவு’ என்று பில் போடுகிறார்கள். பீரைத் தள்ளும் கார்பன் டை ஆக்சைடின் அழுத்தத்தை வைக்கும் ரெகுலேட்டரைத் தொட்டும் குழப்பிக்கொள்ள வேண்டாம். 3 டிகிரியில் 12 பிஎஸ்ஐ கார்பன் டை ஆக்சைடு வைத்தால் பீரில் சுமார் 2.5 வால்யூம் (பீரின் கன அளவைப்போல் 2.5 மடங்கு வாயு) கரைந்து நிற்கும். அதே பீர் 9 டிகிரிக்கு ஏறினால் கரைந்த வாயு பிரிந்து நுரையாகிறது. அப்போது அழுத்தத்தைக் குறைப்பது, நோயை விட்டுவிட்டு அறிகுறிக்கு மருந்து கொடுப்பதுதான். பீர் சப்பென்று ஆகுமே ஒழிய நுரை நிற்காது.

சென்சாரைச் சோதிக்க ஒரு மல்டிமீட்டர் போதும். முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள். போர்டிலிருந்து சென்சார் கனெக்டரைக் கழற்றி ஓம் அளவில் வையுங்கள். பரவலாக இருப்பது 10 கிலோ ஓம் என்டிசி (குளிர்ந்தால் ஓம் ஏறும்) வகை. 25 டிகிரியில் 10 கிலோ ஓம் காட்டும், விரல்களுக்குள் இறுக்கிப் பிடித்தால் 7 கிலோ ஓம் பக்கம் இறங்கும், ஐஸ் தண்ணீரில் முக்கினால் 27 முதல் 33 கிலோ ஓம் வரை ஏறும். (5 கிலோ ஓம் வகையும் உண்டு. ஏற்ற இறக்கத்தின் விகிதம் அதேபோலத்தான்.) குளிரக் குளிர ஓம் ஏறும் என்பதால், ஒயர் இணைப்பு துருப்பிடித்து ஓம் கூடினால் போர்டு அதைக் குளிர் என்று எடுத்துக்கொண்டு சீக்கிரம் நிறுத்திவிடும். சென்சாருக்குள் ஈரம் புகுந்து ஓம் குறைந்தால் சூடு என்று நினைத்து நிற்காமல் ஓட்டும், பீர் உறைந்துபோகும். 5 சதவீத பீர் மைனஸ் 2 டிகிரி தாண்டியதும் உறையத் தொடங்கிவிடும்.

திருகும் தெர்மோஸ்டாட் உள்ள பழைய ஃப்ரிட்ஜ் என்றால் வேலை இன்னும் சுலபம். பிளக்கைப் பிடுங்கி, தெர்மோஸ்டாட்டின் இரண்டு ஒயர்களையும் கழற்றி ஒன்றோடொன்று சேர்த்து, இன்சுலேஷன் டேப் சுற்றி, பிறகு பிளக் போடுங்கள். கம்ப்ரெஸர் ஓடி நன்றாகக் குளிர்ந்தால் தெர்மோஸ்டாட்தான் போயிருக்கிறது. சோதித்ததும் இணைப்பைப் பிரித்துவிடுங்கள், அப்படியே விட்டால் நிற்காமல் ஓடும்.

‘கம்ப்ரெஸர் வீக்’ என்ற தீர்ப்பையும் அளந்து பார்க்காமல் ஏற்காதீர்கள். பக்கவாட்டு மூடியைத் திறந்தால் காமன், ரன், ஸ்டார்ட் என்று மூன்று பின் இருக்கும். காமன்-ரன், காமன்-ஸ்டார்ட் ஆகிய இரண்டு ஓம் அளவுகளையும் கூட்டினால் ரன்-ஸ்டார்ட் அளவு வர வேண்டும். எந்தப் பின்னுக்கும் உடம்புத் தகட்டுக்கும் இடையே தொடர்பு இருக்கக்கூடாது. இவை சரியாக இருந்து, கம்ப்ரெஸர் ‘டக்’ என்று சத்தம் போட்டு நின்று, சில நிமிடம் கழித்து மறுபடி ‘டக்’ என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது, கம்ப்ரெஸரைக் கிளப்பிவிடும் ஸ்டார்ட் ரிலே. கழற்றிக் குலுக்கினால் உள்ளே உடைந்த சில்லு கலகலக்கும். அதை மாற்றச் சில நிமிடமே ஆகும். எங்கள் கம்ப்ரெஸரில் மூன்று அளவும் ஒத்துப்போயின, தகடும் குளிர்ந்துகொண்டிருந்தது. அதற்குத்தான் ‘மாத்தணும்’ என்றார்.

தேவையில்லாமல் கேஸ் அடித்ததால் பணம் போனது மட்டும் இல்லை. எடை பார்க்காமல் அடித்ததில் அளவு கூடி, கம்ப்ரெஸருக்குத் திரும்பும் பைப்பின் வெளிப்பகுதியிலும் பனி பிடித்தது. திரவமாகவே வாயு கம்ப்ரெஸருக்குள் போகிறது என்பதற்கு அடையாளம் அது, வால்வுகளை உடைக்கக்கூடியது. துளை வால்வின் ரப்பர் நாளடைவில் கசியும். ஆர்600ஏ மெஷினில் உறிஞ்சும் பக்கம் வெற்றிடமாக ஓடுவதால் கசிவு வழியாக வெளிக்காற்றும் ஈரமும் உள்ளே போகும். அது எரியும் வாயு வேறு. மிச்ச வாயு இருக்கும்போதே பைப்பை ஒட்டும் நெருப்பு டார்ச்சைப் பற்றவைப்பவரை வீட்டுக்குள் விடாதீர்கள்.

உண்மையிலேயே கேஸ் குறைந்திருந்தால் வேலை இப்படி நடக்க வேண்டும்: மூடிய பைப்பில் வாயு தானாகத் தீராது, ஆகவே முதலில் நைட்ரஜன் ஏற்றிக் கசிவைக் கண்டுபிடித்து அடைக்க வேண்டும். ஈரத்தை உறிஞ்சும் ஃபில்டர் ட்ரையரைப் புதிதாக மாற்ற வேண்டும். வேக்கம் பம்ப் போட்டு உள்ளிருக்கும் காற்றையும் ஈரத்தையும் வெளியேற்ற வேண்டும். லேபிளில் உள்ள கிராம் அளவை டிஜிட்டல் தராசில் எடைபோட்டு ஏற்ற வேண்டும். தராசும் பம்ப்பும் இல்லாமல் ஒரு டப்பாவோடு வருபவரை வாசலிலேயே திருப்பி அனுப்பலாம். எந்த இடத்தில் கசிவு, எத்தனை கிராம் ஏற்றியது என்று பில்லில் எழுதி வாங்குங்கள். கழற்றிய பாகத்தைக் கையில் கேளுங்கள்.

போர்டே பழுது என்றால் அதை மாற்றுவதைவிட, ஃப்ரிட்ஜுக்குப் போகும் கரண்டையே வெப்பநிலை பார்த்து நிறுத்திக் கொடுக்கும் வெளிக் கன்ட்ரோலர் நல்லது என்பது எங்கள் கருத்து. எஸ்டிசி-1000 வகையில் எஃப்1 (நிற்கும் டிகிரி) 3.0, எஃப்2 (வித்தியாசம்) 1.0, எஃப்3 (காத்திருக்கும் நிமிடம்) 5 என்று வைத்தால் 4 டிகிரியில் ஓடி 3-ல் நிற்கும், நின்ற பிறகு 5 நிமிடம் ஆகாமல் கம்ப்ரெஸர் திரும்ப ஓடாது. சென்சார் முனையைக் காற்றில் தொங்கவிட்டால், கதவு திறக்கும் ஒவ்வொரு முறையும் கம்ப்ரெஸர் ஓடி நின்று தேயும். கெக்கின் நடு உயரத்தில் உலோகத்தோடு ஒட்டி, மேலே ஒரு துண்டு ஃபோம் வைத்து டேப் சுற்றுங்கள். ஃப்ரிட்ஜின் சொந்த தெர்மோஸ்டாட்டைக் கடைசிக் குளிருக்குத் திருப்பிவிடுங்கள், இல்லாவிட்டால் இரண்டும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும். டச் பட்டன் போர்டு உள்ள மாடலில், கரண்ட் போய் வந்ததும் ஃப்ரிட்ஜ் தானாக ஓடுகிறதா என்று பிளக்கைப் பிடுங்கிப் போட்டுப் பார்த்துவிட்டு கன்ட்ரோலரை வாங்குங்கள். ஓடாவிட்டால் அந்த மாடலுக்கு வெளிக் கன்ட்ரோலர் சரிப்படாது.