சிலோன் பசலை: நான்கு வருட அனுபவம்

பக்கத்து வீட்டு அக்கா கொடுத்த விரல் நீளக் குச்சிகள் இரண்டைத் தொட்டியில் செருகி வைத்தேன், பத்து நாளில் துளிர்த்துவிட்டது. நான்கு வருடமாக எங்கள் மொட்டை மாடியில் அதே செடியின் வாரிசுகள்தான் ஓடிக்கொண்டிருக்கின்றன. பசலை என்று சொன்னாலும் கொடிப்பசலை வேறு, இது முழங்கால் உயரத்துக்குக் குத்தாக நிற்கும். பூர்வீகம் அமெரிக்காவின் வெப்பப் பகுதி. கேரளாவில் சாம்பார் சீரா என்பார்கள், நைஜீரியாவில் சூப்புக்குப் போடுவார்கள்.

எனக்கு இது பச்சையாகச் சாப்பிடத்தான். நுனி இலை தடிப்பாக, கிள்ளும்போதே டக்கென்று ஒடியும், வாயில் போட்டால் தண்ணீரும் லேசான புளிப்பும். சின்ன வெங்காயம், வறுத்த வேர்க்கடலை, எலுமிச்சைச் சாறு போதும், ஆனால் உப்பைச் சாப்பிட உட்காரும்போதுதான் போட வேண்டும், முன்னாடியே போட்டால் தண்ணீர் விட்டுத் துவண்டுவிடும். பொரியல் செய்தால் கொழகொழவென்று ஆகிவிடுகிறது, எனக்குப் பிடிக்கவே இல்லை. பருப்போடு கடைந்தால் சரி.

லெட்டூஸ் இரண்டு தடவை போட்டுப் பார்த்தேன், வெயில் ஏறியதும் கசந்து பூத்துவிட்டது. சிலோன் பசலை சித்திரை மதியத்தில் தலை தொங்கினாலும், சாயங்காலம் தண்ணீர் ஊற்றினால் நிமிர்ந்துவிடும். தண்ணீர் குறைந்தால், பகலில் ஈரம் போகாமலிருக்க, இரவில் கரியமில வாயுவை வாங்கி வைத்துக்கொள்ளும் முறைக்கு மாறக்கூடிய செடி இது. ஒருமுறை ஊருக்குப் போய்ப் பன்னிரண்டு நாள் கழித்து வந்தால் வெறும் தண்டுதான் நின்றது, அப்புறம் ஒரு வாரம் தண்ணீர் விட்டதும் கணுவுக்குக் கணு துளிர்.

பூக்க விட்டால் இலை சிறுத்துவிடும், அதனால் வாரம் ஒருமுறை நுனியைக் கிள்ளியே ஆக வேண்டும். பூங்காம்பை விரலில் உருட்டினால் மூன்று விளிம்பு தட்டுப்படும், அதைப் பார்த்ததுமே வெட்டிவிடுவேன். விட்டால் மிளகளவு காய்கள் வெடித்து, கறுப்பு விதை சிதறி, மல்லிகைத் தொட்டியில்கூட முளைக்கும். கோடையில் மாவுப்பூச்சி வரும், தண்ணீரைப் பீய்ச்சி அடித்துக் கழுவிவிடுவேன்.

இலையில் ஆக்சலேட் (சிறுநீரகக் கல்லுக்குக் காரணமாகக்கூடிய உப்பு) இருக்கிறது, அதனால் தினமும் சாப்பிடுவதில்லை, வாரம் இரண்டு நாள், ஆளுக்கு ஒரு கைப்பிடி. அப்பாவுக்குச் சிறுநீரகக் கல் வந்ததிலிருந்து அவர் தட்டில் மட்டும் வெள்ளரிக்காய்.