கறுப்புப் பெயின்ட் அடித்த பொயிலர் வாங்காதீர்கள்

மாடல் நீராவி எஞ்சின் செய்கிறவர்களும், பிள்ளைகளுக்கு ஒன்று வாங்கிக் கொடுக்க நினைக்கிறவர்களும் தயவுசெய்து இதைக் கடைசிவரை வாசியுங்கள். காசு போனது மட்டும் என்றால் நான் எழுத வந்திருக்க மாட்டேன். நான் வாங்கிய பொயிலர், அதாவது எஞ்சினுக்கு நீராவி கொடுக்கத் தண்ணீரைக் கொதிக்கவைக்கும் பாத்திரம், அடுப்பில் ஏறியிருந்தால், என் தங்கையின் பிள்ளைகள் இரண்டு பேரும் அதிலிருந்து மூன்று அடி தூரத்தில் நின்றிருப்பார்கள்.

எனக்குத் திருகோணமலை, உவர்மலைப் பக்கம் வீடு. பின் விறாந்தையை அடைத்து ஒரு சிறிய பட்டறை வைத்திருக்கிறேன். மேசை லேத் ஒன்று, ட்ரில் மெஷின் ஒன்று, அப்பா விட்டுப்போன வைஸ். இங்கே கடற்காற்று இரும்பைச் சும்மா விடாது. ஒரு இரவு லேத் படுக்கைக்கு எண்ணெய் பூச மறந்தால் விடியும்போது பழுப்பு நிறம் ஏறியிருக்கும். அந்தப் பட்டறையில் இரண்டு வருடமாக, வேலை முடிந்து வந்த பொழுதுகளில், நானே வரைந்து நானே கடைந்து ஒரு நிமிர்ந்த எஞ்சின் செய்தேன். சிலிண்டர் விட்டம் 20 மி.மீ., பிஸ்டன் ஓட்டமும் 20 மி.மீ. பிஸ்டனின் இரண்டு பக்கமும் நீராவி தள்ளும் வகை.

அதில் எனக்கு மிகவும் பிடித்த வேலை, நீராவியைச் சிலிண்டருக்குள் மாறி மாறி விடும் ஸ்லைட் வால்வின் முகம். தடித்த கண்ணாடித் துண்டில் நைசான கிரைண்டிங் பேஸ்ட் தடவி, எட்டு வடிவத்தில் தேய்த்துத் தேய்த்து எடுத்தேன். துடைத்து ஒரு சொட்டு எண்ணெய் விட்டு வால்வைச் சிலிண்டர் முகத்தில் வைத்துத் தூக்கினால் சிலிண்டரும் சேர்ந்து எழும்பி வந்தது. அந்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை. கம்ப்ரெசர் காற்றைக் கொடுத்தபோது சதுர அங்குலத்துக்கு 10 இறாத்தல் அழுத்தத்திலேயே எஞ்சின் சீராக ஓடியது. மிச்சம் இருந்தது பொயிலர் மட்டும்.

அதை நானே செய்யாததற்குக் காரணம் இருந்தது. செம்புப் பொயிலரை வெள்ளி கலந்த பற்றான சில்வர் சோல்டரால்தான் ஒட்ட வேண்டும். நல்ல சில்வர் சோல்டர் உருகுவதற்கு 600 பாகை செல்சியசுக்கு மேல் வேண்டும். செம்பு சூட்டை ஒரு இடத்தில் நிற்க விடாமல் இழுத்துக்கொண்டு போகும். ஆகவே பொயிலர் முழுவதும் சிவக்கிற அளவுக்குப் பெரிய காஸ் டோர்ச் தேவை. என்னிடம் இருந்தது சிறியது. தேடியபோது கொழும்புப் பக்கம் ஒருவர் கிடைத்தார். அவர் அனுப்பிய படங்கள் அழகாக இருந்தன, பேச்சும் மரியாதையாக இருந்தது. ஆளின் பெயரை இங்கே போடவில்லை. நீங்கள் அடையாளம் காண வேண்டியது அந்தச் சாமானைத்தான்.

கேட்டதையெல்லாம் எழுத்தில் கொடுத்தேன். 100 மி.மீ. விட்டமுள்ள பொருத்தில்லாத செம்புக் குழாய், விளிம்பு மடித்த மூடித்தகடுகள், இரண்டு மூடிகளையும் உள்ளே இழுத்துப் பிடிக்கும் இரண்டு வெண்கலக் கம்பிகள், வால்வுகளையும் மானியையும் திருகக் கன்மெட்டல் (ஒரு வகை வெண்கலம்) புஷ்கள், எல்லா மூட்டும் சில்வர் சோல்டர், வேலை அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 60 இறாத்தல். விலை 85,000 ரூபா. 50,000 முன்பணம், மிச்சம் அனுப்பும்போது. முழுவதையும் கட்டினேன்.

பார்சல் பஸ்ஸில் வந்தது. பிரித்தால் முழுவதும் கறுப்புப் பெயின்ட், மூட்டுகள்கூடத் தெரியவில்லை. அப்போதே எனக்கு மனம் உறுத்தியது. ஒழுங்காக வேலை செய்தவர் மூட்டுகளைக் காட்டத்தான் விரும்புவார். கூடவே "100 இறாத்தல் டெஸ்ட் ஓகே" என்று கையால் எழுதிய ஒரு தாள். அவர் அனுப்பிய வீடியோவைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். அழுத்த மானியில் முள் 100இல் நிற்கிறது, பக்கத்தில் கம்ப்ரெசர் குழாய். காற்றால் சோதித்திருக்கிறார்!

இதைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். பொயிலரைக் குளிர்ந்த தண்ணீரால்தான் சோதிக்க வேண்டும். தண்ணீர் அமுங்காது. எங்காவது விட்டுக்கொடுத்தால் சில துளி வெளியே வரும், அழுத்தம் உடனே இறங்கிவிடும். காற்று அப்படியில்லை, அமுக்கிய சுருள்வில் மாதிரி. மூட்டு திறந்தால் தகடு பறக்கும்.

பெயின்ட்டைச் சுரண்டுவோம் என்று பேனாக்கத்தியை எடுத்தேன். தங்கையின் மகன் பக்கத்தில் நின்று, "மாமா, இண்டைக்குப் பத்த வைப்பமா?" என்று கேட்டபடி இருந்தான். மூடியின் விளிம்பில் கத்தி பட்டதும் வெண்ணெயில் இறங்குகிற மாதிரி இறங்கியது. உள்ளே மங்கிய சாம்பல் நிறம். சுருளாக வந்த ஒரு சீவலை எடுத்து, ரேடியோ வேலைக்கு வைத்திருக்கும் சோல்டரிங் அயர்னின் நுனியில் வைத்தேன். இரண்டு செக்கன்கூட ஆகவில்லை, பளபளவென்று உருண்டு மணியானது. சில்வர் சோல்டர் என்றால் அந்த அயர்ன் அதை அசைக்கவே முடியாது. இது சாதாரண ஈயப்பற்று.

60 இறாத்தல் அழுத்தத்தில் உள்ளே இருக்கும் தண்ணீரும் நீராவியும் ஏறக்குறைய 153 பாகை சூட்டில் இருக்கும். எலெக்ட்ரிக் வேலைக்குப் பாவிக்கும் ஈய சோல்டர் 183 பாகையில் உருகிவிடும். நடுவில் இருப்பது 30 பாகை. உருகுவதற்கு எவ்வளவோ முன்பே அது பலமிழந்துவிடும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். தண்ணீர் மட்டம் கொஞ்சம் இறங்கி, நெருப்புப் படுகிற இடம் காய்ந்தால் போதும்.

அப்புறம் சேஃப்டி வால்வுத் துளைக்குள் டோர்ச் லைட் அடித்துப் பார்த்தேன். வெளியே இரண்டு மூடியிலும் கம்பிகளின் நட்டுகள் அழகாக வரிசையில் இருந்தன. உள்ளே கம்பியே இல்லை. கட்டைப் போல்ட்டுகளை வெளிப்பக்கத்தில் வைத்து ஈயத்தால் ஒட்டியிருந்தார். சோம்பலில் செய்த பிழை என்று இதைச் சொல்ல முடியாது. கம்பி எதற்கு என்று தெரிந்தவர்தான் கம்பி இருப்பது போலக் காட்டுவார். 100 மி.மீ. விட்டமுள்ள ஒரு மூடியை 60 இறாத்தல் அழுத்தம் ஏறக்குறைய 330 கிலோ பாரத்தோடு வெளியே தள்ளும். அவ்வளவையும் ஒரு ஈய விளிம்பு தாங்க வேண்டுமாம்.

பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டுத் தண்ணீர்ச் சோதனை செய்தேன். துளைகளை அடைத்து, காற்றுக் குமிழ் ஒன்றும் இல்லாமல் நிரப்பி, கைப்பம்பை மெல்ல மெல்ல அமுக்கினேன். புதுப் பொயிலருக்கு வேலை அழுத்தத்தின் இரண்டு மடங்கு, அதாவது 120 இறாத்தல் வரை போக வேண்டும். 45இல் ஒரு மூடியின் விளிம்பு வியர்த்தது. 70இல் தகடு நடுவில் உப்பத் தொடங்கியது. 80ஐத் தொடவில்லை, "டிக்" என்று ஒரு சத்தம், முள் பூச்சியத்துக்கு விழுந்தது. மேசையில் சிந்தியது ஒரு தேநீர்க் கோப்பை அளவு தண்ணீர். குளிர்ந்த நிலையிலேயே இப்படி, வீடியோவில் முள் 100 காட்டியதை எப்படி நம்புவது? நெருப்பு மூட்டியிருந்தால் உள்ளே இருந்த கொதிநீர் அந்த நொடியில் நீராவியாகச் சீறி வந்திருக்கும். வெளிக்காற்றில் நீராவி தண்ணீரைப் போல ஏறக்குறைய 1,600 மடங்கு இடம் பிடிக்கும்.

போன் எடுத்தேன். "அண்ணன், இது ஈயப்பற்று, உள்ளே கம்பியும் இல்லை" என்றேன். "தம்பி, விளையாட்டுச் சாமானுக்கு இதெல்லாம் தேவையில்லை. 20 இறாத்தலுக்கு மேல ஏத்தாம பாவியுங்க" என்றார். 60 என்று எழுத்தில் கொடுத்திருக்கிறேனே என்றதும் துண்டித்தார். அடுத்த நாளிலிருந்து என் இலக்கத்துக்குப் பதில் இல்லை. நான் பில் கேட்டு வாங்கவில்லை, அது என் பிழை. நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு முறையிடலாம். ஆனால் கையில் பில் இருந்தால்தான் பேச்சுக்குப் பலம். முன்பணம் கட்டும்போதே பில்லைக் கேளுங்கள், அதில் "சில்வர் சோல்டர்" என்று எழுதச் சொல்லுங்கள்.

அதைத் திருத்திப் பாவிக்கலாமே என்று சிலர் கேட்டார்கள். முடியாது. ஈயம் பட்ட செம்பைச் சில்வர் சோல்டருக்குரிய சூட்டுக்குக் கொண்டுபோனால் ஈயமும் தகரமும் செம்பையே அரிக்கும், புது மூட்டும் கெட்டுப்போகும். புஷ்களும் பித்தளை. பித்தளையில் இருக்கும் நாகம் என்ற உலோகம் கொதிநீரில் காலப்போக்கில் கரைந்து வெளியேறி, மிஞ்சுவது பஞ்சு மாதிரி நொறுங்கும். அதனால்தான் அந்த இடத்தில் வெண்கலமோ கன்மெட்டலோ போடுகிறார்கள்.

இப்போது நானே செய்கிறேன். எங்கள் ஊர் நகைப்பட்டறை ஐயா ஒருவரிடம் இரண்டு பின்னேரம் போய் இருந்தேன். வெண்காரத்தைக் குழைத்துப் பூசுவதையும், இடைவெளி தாள் அளவுக்கு இருந்தால் பற்று தானாக உள்ளே ஓடுவதையும் செய்து காட்டினார். "நெருப்பைப் பற்றுக்குக் காட்டாத தம்பி, செம்புக்குக் காட்டு" என்றார். பெரிய டோர்ச் இரவல் கிடைத்திருக்கிறது. மூடித்தகடு ஒன்றை மங்கலாகச் சிவக்கக் காய்ச்சி, தண்ணீரில் போட்டு இளக்கி, மரக்கட்டையில் வைத்துத் தட்டி விளிம்பு மடித்தாகிவிட்டது.

அந்தப் பழைய பொயிலரை வாளால் நடுவில் அறுத்து வைத்திருக்கிறேன். திருகோணமலையிலோ கிண்ணியா, மூதூர்ப் பக்கத்திலோ யாராவது இப்படி ஒன்று வாங்கி வைத்திருந்தால் வந்து ஒப்பிட்டுப் பாருங்கள். வர முடியாதவர்கள் ஒரு மூட்டின் பெயின்ட்டைச் சுரண்டி, சீவலை அயர்னில் வைத்துப் பாருங்கள். உருகினால் அதில் நெருப்பு வைக்காதீர்கள், 20 இறாத்தலுக்கும் வேண்டாம்.